முத்திரை விழாத புத்தகங்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நிற்கட்டும். அன்றைக்கு நடந்ததைப் பார்த்திருந்தால் அந்தப் பரம சாதுவுக்கே வந்திருக்கும்.

நான் பொது நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவள். வாசலில் தொங்கும் 'இந்த வாரம் என்ன படிக்கலாம்?' பலகையும் என் பொறுப்பு. அதில் நான் எழுதுவதில் பாதி இஸ்திரி அக்கா சொல்லிக்கொடுத்தது. அவர் பக்கத்து ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார். வேலை முடிந்ததும் வருவார். ஜன்னல் ஓர மேஜையில் ஒரு மணி நேரம் தலை நிமிராமல் படிப்பார். எடுத்த இடத்திலேயே புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். பத்து வருஷமாக இப்படித்தான். உறுப்பினர் கார்டு கிடையாது, ஒரு புத்தகம்கூட வீட்டுக்குப் போனது கிடையாது.

"வீட்டுல நாலு மணி வரைக்கும் வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். மூணுக்கே விட்டுடுவாங்க. புத்தகத்தோட போய் நின்னா குட்டு வெளிப்பட்டுடும்" என்று ஒருமுறை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக அவர் கையில் எடுத்தது கடல் பயணங்களைப் பற்றிய எட்டுப் பாகத் தொகுப்பு. ஒவ்வொன்றும் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அத்தனை தடி. ஆறாம் பாகத்துக்கு வந்திருந்தார். கடலைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஆனால் புயல் வந்தால் மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

இதற்கு நடுவில் எங்கள் நூலகருக்கு நிகழ்ச்சிப் பைத்தியம் பிடித்தது. மாதம் ஒரு கூட்டம், ஒரு மைக், பேச வந்தவரோடு பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு போட்டோ. மேடை போட இடம் வேண்டுமே! ஐந்து வருஷமாக யாரும் எடுத்துப்போகாத புத்தகங்களையெல்லாம் கழித்துக்கட்டச் சொல்லிவிட்டார். கடைசிப் பக்கத்துச் சீட்டில் தேதி முத்திரை இல்லையென்றால் பழைய பேப்பருக்கு. அந்த எட்டிலும் சீட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"சார், இதைத் தினமும் ஒருத்தங்க படிக்கிறாங்க" என்றேன்.

"எடுத்துட்டுப் போனாங்களா?"

"இங்கேயே உக்காந்து படிக்கிறாங்க சார்."

"உக்காந்து படிக்கிறதெல்லாம் கணக்குல வராதும்மா."

நூலகத்தில் உட்கார்ந்து படித்தால் கணக்கில் வராதாம்! அப்புறம் இத்தனை நாற்காலியும் எதற்கு, இவர் காலாட்டிக்கொண்டு உட்காரவா? பல்லைக் கடித்துக்கொண்டு கயிறு போட்டுக் கட்டினேன்.

மூன்று மணிக்கு அக்கா வந்தார். காலி அலமாரியைப் பார்த்தார், நடையில் கிடந்த கட்டுகளைப் பார்த்தார்.

"காலைல பழைய பேப்பர் வண்டி வருதுக்கா" என்றேன்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். நேராக நூலகர் அறைக்குள் போய் நின்றார்.

"அந்தக் கடல் புத்தகமெல்லாம் இங்கேயே இருக்கணும்னா நான் என்ன செய்யணும் சார்?"

"முத்திரை விழுந்தா நான் ஏங்க கழிக்கப்போறேன்? கார்டு போட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் அவர், ஈ ஓட்டுகிற மாதிரி கையை வீசி.

"போடுங்க."

ஒரு கார்டுக்கு நான்கு புத்தகம். மீதி நான்கை என் கார்டில் எடுத்தேன். முத்திரையை நான்தான் குத்தினேன். குத்திய குத்தில் நூலகருடைய டீ டம்ளர் குலுங்கியது.

வெளியே வந்ததும், "எட்டும் என் வீட்டுல இருக்கட்டும்கா. ரெண்டு வாரத்துல நானே கொண்டாந்து அடுக்கிடறேன். உங்க வீட்டுக்குத் தெரியவே வேணாம்" என்றேன்.

சடாரென்று திரும்பினார். "ஏன், நான் என்ன திருடிட்டா போறேன்? நான் படிச்சது உங்க சாருக்கும் கணக்குல வராது. வீட்டுலயும் ஒளிச்சு வச்சா, அப்புறம் நான் எங்கதான் படிச்சேன்? நட நீ."

நடந்தோம். அக்காவின் மாமியார் கட்டிலில் உட்கார்ந்து மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் டிவி முன்னால். எங்கள் இருவர் கையிலும் இருந்த சுமையைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்னது இது?"

"லைப்ரரி புத்தகம். எனக்கு மூணு மணிக்கே வேலை முடிஞ்சிடும். அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் அங்கதான் இருக்கேன். பத்து வருஷமா."

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு குதித்தார். "அப்போ இத்தனை வருஷமா எங்களை ஏமாத்தியிருக்கே? இங்க அம்மா தனியா கெடக்கறாங்க, துணி கெடக்கு, பாத்திரம் கெடக்கு, நீ அங்க போய் சொகுசா உக்காந்துட்டு..."

"ஆமா" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "அந்த ஒரு மணி நேரம் மட்டும் இல்லன்னா, இந்த வீட்டை விட்டு நான் எப்பவோ போயிருப்பேன்."

மாமியார் கையில் இருந்த மாத்திரை கையிலேயே நின்றது. அக்கா ஆறாம் பாகத்தை உருவி எடுத்தார். வீட்டுக்காரர் எழுந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, விட்ட பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.

என் கையில் இன்னும் நான்கு இருந்தன. எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. டிவிக்கு முன்னால், படத்தை மறைக்கிற மாதிரி, வரிசையாக அடுக்கிவிட்டு வந்தேன்.