பரவால்லன்னு சொல்லாதீங்க

காலை ஏழே முக்காலுக்கு இரண்டாம் மாடி ஆண்கள் வார்டுக்குள் நுழைகிற அஞ்சலாட்சி, முதல் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "தாத்தா, டாக்டர் வந்து எப்படி இருக்கீங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?" என்கிறார்.

"பரவால்லன்னு சொல்லுவன்."

"தலைகீழா நின்னாலும் அத மட்டும் சொல்லாதீங்க. ராவுல எத்தினி வாட்டி எழுந்தீங்க?"

"நாலு வாட்டி இருக்கும்."

"அத சொல்லுங்க. அது போதும்." அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்.

எட்டரைக்கு டாக்டர் வருவதற்குள் பதினாறு கட்டில்களையும் இப்படி முடித்தாக வேண்டும். அஞ்சலாட்சி டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையைப் பார்த்து நிற்கும் அந்தத் தனியார் மருத்துவமனையில் இன்சூரன்ஸ் கவுன்ட்டர் அவருடையது. மருந்துக் கடைக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவில், எழுந்து நின்றால் நாற்காலி சுவரில் இடிக்கிற இடம். நோயாளி உள்ளே சேர இன்சூரன்ஸ்காரரின் அனுமதி வேண்டும். கூடுதலாக நான்கு நாள் படுக்க இன்னோர் அனுமதி. வீட்டுக்குப் போகும்போது மற்றொன்று. பத்தொன்பது வருடமாக அவற்றை வாங்கித் தருவதுதான் அவர் வேலை.

வயது நாற்பத்தேழு. நீலச் சீருடைப் புடவையின் கொசுவத்தை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு மாடிப்படியில்தான் ஏறுவார். "லிஃப்ட்டுக்கு நின்னா மொதல்ல ஸ்ட்ரெச்சர் போவும். பின்னாடியே சொந்தக்காரங்க எட்டு பேரு போவாங்க. நா அங்கியே நிக்க வேண்டியதுதான்." கணவர் வெற்றிவேலுக்கு நோணாங்குப்பம் படகுத்துறையில் வேலை. சுற்றுலா வருகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டு வாரை இழுத்துக் கட்டுவார். "எங்க வூட்ல ரெண்டு பேருக்கும் ஒரே வேலதான். யாரையும் முழுக விடக் கூடாது" என்று புதிதாகச் சேரும் ஒவ்வொரு நர்ஸிடமும் சொல்லி, அவள் சிரிக்கிறாளா என்று பார்ப்பார். சிரிக்காவிட்டால் விளக்கமும் சொல்வார்.

தாள்களை ஸ்கேன் செய்வதற்கு முன் ஸ்கேனரின் கண்ணாடியை முந்தானையால் துடைத்து, குனிந்து இரண்டு தடவை ஊதுவார். "தூசி ஒட்டியிருந்தா மாப்ள அதுக்கும் ஒரு கேள்வி கேப்பாரு."

மாப்பிள்ளை என்பது ஒரு மென்பொருள். இரண்டு வருடங்களுக்கு முன் அந்த இன்சூரன்ஸ் நிறுவனம், எந்த நோயாளிக்கு எத்தனை நாள் தரலாம் என்று பார்க்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்தது. அதுவரை சென்னையில் நெடுமாறன் என்று ஒருவர் இருந்தார். பதினோரு வருடம் முகம் பார்க்காமலே அஞ்சலாட்சி அவரோடு போனில் சண்டை போட்டார். "சாப்ட்டீங்களா மேடம்னு கேட்டுட்டுதான் கேள்வியே கேப்பாரு. நம்ம கத்தினா அவரும் கத்துவாரு. சாயங்காலத்துக்குள்ள எறங்கி வந்துடுவாரு." புதியவரிடம் கத்த வழியில்லை. எந்தச் சாப்பாட்டிலும் குறை கண்டுபிடித்து இலையை மூடிவிடுகிற புது மாப்பிள்ளை போல, எந்தத் தாளையும் ஆறே நிமிடத்தில் படித்து ஒரு குறையோடு திருப்பிவிடுவார். முதல் தாள் திரும்பி வந்த அன்றைக்கே அவருக்கு அந்தப் பெயர் வைத்தாகிவிட்டது. மருந்துக் கடைக்காரர்கூட இப்போது, "இன்னாக்கா, மாப்ள முறுக்கிக்கிட்டாரா?" என்றுதான் விசாரிக்கிறார்.

அஞ்சலாட்சி நியாயஸ்தர். மாப்பிள்ளையின் நல்ல குணத்தையும் சொல்வார். பிரசவத்துக்கு வந்த பெண் நாற்காலியில் உட்காருவதற்குள் அனுமதி வந்துவிடுகிறது. நெடுமாறன் காலத்தில் அவர் மத்தியானச் சாப்பாடு முடிந்து வருகிறவரை காத்திருக்க வேண்டும். "இவருக்குப் பசி கெடையாது, லீவு கெடையாது. தங்கமானவரு. பேப்பர்ல இருக்கறத மட்டும் நம்புவாரு. அதான் ஒரே கொற."

அந்தக் குறை எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்தது அவரேதான். ஒரு மாதம் திரும்பி வந்த தாள்களை எல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தார். நோயாளி சொல்வதை எழுதுகிற கட்டத்தில், ஒன்று விடாமல் அத்தனையிலும் ஒரே வரி. நலமாக உணர்கிறார், குறை எதுவும் சொல்லவில்லை. டாக்டர்கள் மீதும் தவறில்லை; அந்தக் கட்டத்தில் நோயாளி சொன்னதைத்தான் எழுத வேண்டும். நம் ஊர் நோயாளி டாக்டரைப் பார்த்ததும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது போல, "பரவால்லங்க" என்று சொல்லிவிடுகிறார். நெடுமாறன் தமிழர், அந்த வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்று அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை அதை அப்படியே நம்பி, நன்றாக இருப்பவருக்குக் கட்டில் எதற்கு என்று கேட்டுவிட்டார். "ஒரு கால் போனாக்கூட, பரவால்ல இன்னொண்ணு இருக்குதும்பாங்க நம்ம ஆளுங்க" என்பார் அஞ்சலாட்சி. மறுநாளே காலை நேர வார்டுச் சுற்று ஆரம்பமாகிவிட்டது.

முதல் வாரம் கொஞ்சம் எல்லை மீறிப் போனது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்ற சொல்தா அருளானந்தம், வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று அஞ்சலாட்சி சொன்னதை நம்பி, டாக்டர் வாசலில் கால் வைக்கும்போதே "மோந்தியே! மோந்தியே!" என்று கடவுளைக் கூப்பிட்டு அலறினார். முழங்கால் வலிக்கு வந்தவரை வயிற்று ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை அதற்கு மூன்று கேள்வி கேட்டார். அன்றிலிருந்து, "இருக்கறத மறைக்காதீங்க, இல்லாதத சேக்காதீங்க" என்ற வரியும் சேர்ந்துகொண்டது.

இத்தனை பயிற்சிக்கும் மசியாத ஆள் பதினோராம் கட்டில் தெய்வசிகாமணி. வில்லியனூர் தாண்டி ஒரு கிராமத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். வேலி ஓரம் கருவேல முள் ஏறி, பாதம் சீழ் கட்டி, டாக்டர் மெரின் அறுத்துச் சுத்தம் செய்து நான்கு நாள் ஆகியிருந்தது. மகள் வேலை பார்க்கும் கம்பெனியின் இன்சூரன்ஸில் சேர்ந்திருந்தார். இன்னும் ஐந்து நாள் ஊசி மருந்து ஏற வேண்டும் என்று எழுதிக் கேட்டதற்கு, காலை ஒன்பதே முக்காலுக்குப் பதில் வந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். மறுபடி கேட்பதானால் மத்தியானம் ஒரு மணிக்குள் கேட்க வேண்டும்.

அஞ்சலாட்சி அந்தத் தாளோடு மாடி ஏறினார். டாக்டர் மெரினுக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். தாளைப் படித்ததும் முகம் சிவந்துவிட்டது.

"மாத்திரைக்கெல்லாம் கேக்கற புண்ணு இல்லக்கா அது. இப்ப வீட்டுக்குப் போனா ரெண்டு விரல எடுக்கற மாதிரி ஆயிடும். ஆனா நா இன்னா எழுதறது? கேட்டா, உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறேன்மாங்கறாரு. அவர் சொல்லாதத நா எழுத மாட்டேன்."

"எழுதவே கூடாது டாக்டர். வாங்க."

தெய்வசிகாமணி ஏற்கனவே சட்டை மாட்டி, பையைக் கட்டி வைத்திருந்தார். அவர் மனைவி சின்னப்பொண்ணு கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"பெரியப்பா, வலிக்குதா இல்லியா? ஒரே வார்த்த."

"பரவால்லம்மா."

அஞ்சலாட்சி குனிந்து காதோடு கேட்டார். "டாக்டர் முன்னாடி சொல்ல கூச்சமா?"

அவரும் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் புள்ள மொகம் சுளிக்காம தன் கையால சீழ எடுத்துது. அது மூஞ்சிக்கு நேரா இன்னும் வலிக்குதுன்னா, நீ செஞ்ச வேல சரியில்லன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா? நாத்து வேற முத்திப்போய்க் கெடக்குது. நா போறேன்."

பின்னாலிருந்த சின்னப்பொண்ணு கணவரின் துண்டை எடுத்து, அதன் முனையை விரித்து, அஞ்சலாட்சியின் கண்ணுக்கு மட்டும் படும்படி பிடித்தார். இரவெல்லாம் பல்லால் கடித்ததில் துணி சல்லடையாகி இருந்தது.

அஞ்சலாட்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"சரி, போயிடலாம். நாளைக்கி நடவுன்னா மொதல்ல இன்னா செய்வீங்க?"

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "விடியறதுக்குள்ள மடைய தொறக்கணும்."

"வூட்லேர்ந்து எவ்ளோ தூரம்?"

"ரெண்டு கொல்லை தாண்டணும். வரப்பு மேலியே போயிடலாம்."

"வரப்புல நடந்துடுவீங்களா?"

தெய்வசிகாமணி கட்டுப் போட்ட காலைக் குனிந்து பார்த்தார். டாக்டரிடம் வலியை மறைக்கலாம். வரப்பைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வராது.

"வரப்புல முடியாதும்மா" என்றார் மெதுவாக. "இந்தத் தரையிலியே ஊன முடியல. கால் பட்டாலே தொடை வரைக்கும் நெருப்பா ஏறுது."

"சேத்துல எறங்கி நாத்துக் கட்டு எடுத்துப் போட?"

"நின்னாதான போட? ராவுல கால கட்டிலவுட்டு தொங்கப் போட்டாலே விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. மூணு ராவா தூக்கம் இல்ல. பொழுது சாய்ஞ்சா குளுரு வேற."

எழுதிக்கொண்டிருந்த மெரினின் பேனா நின்றது. "குளுரா? எப்போ?"

"நர்ஸம்மா காய்ச்சல் பாத்துட்டுப் போன பொறவும்மா. போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டா செத்த நேரத்துல அடங்கிடுது. அதுக்குப் போயி உங்கள எதுக்குக் கூப்புடறது?"

"கூப்புடணும் ஐயா! அதுக்குத்தான நா இருக்கேன்!" மெரினின் சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ரிசல்ட் வந்தது. கிருமி அடங்கவில்லை, ஏறியிருந்தது. தெய்வசிகாமணி சொன்னதை எல்லாம், வரப்பு உட்பட, மெரின் வரிக்கு வரி எழுதியிருந்தார். கீழே அஞ்சலாட்சி கண்ணாடியைத் துடைத்து, ஊதி, ஒவ்வொரு தாளாக அனுப்பினார். தாள்களை மனிதர் ஒருவரே படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கு விண்ணப்பத்தின் கடைசியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதிலும் ஒரு டிக் போட்டார். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு வாய்கூட எடுக்காமல் மூடி வைத்தார்.

ஒன்றே காலுக்குப் பதில் வந்தது. கேட்ட ஐந்தில் நான்கு நாள் கிடைத்திருந்தது. அடியில் பெயரோ கையெழுத்தோ இல்லை. "மாப்ளயா, மனுஷனா, ஒண்ணும் தெரியல. யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று மருந்துக் கடைப் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டுப் படியேறினார்.

சேதியைக் கேட்டதும் தெய்வசிகாமணி ஆடிப்போனார். "நாலு நாளா? உண்மைய சொன்னதுக்கு நாலு நாள் ஜெயிலா?" சின்னப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நடவ என் தம்பி பாத்துப்பான். நீ படு" என்றார்.

மெரின் உள்ளே வந்ததும் பெரியவர் அவர் பக்கம் திரும்பினார். இனி இழக்க ஒன்றும் இல்லை என்கிற குரல். "கோச்சிக்காதம்மா. ஊசி ஏத்தற கை மரத்துப் போவுது. பாத்ரூம் தூரமா இருக்குதேன்னு பயந்து நேத்துலேர்ந்து தண்ணியே குடிக்கல. மூத்திரம் கலரா போவுது. அந்த மஞ்சள் மாத்திர போட்டா கொமட்டுது, ஜன்னலுக்கு வெளிய போட்டுட்டேன். சாம்பார்ல உப்பு இல்ல. அப்பறம் இந்த முதுகு..."

மெரின் கேஸ் தாளை முழங்கையில் அணைத்தபடி, நின்றுகொண்டே வேகமாக எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் நிரம்பி அடுத்தது திரும்பியது. கட்டிலடியில் ஓர் இரும்பு ஸ்டூல் இருந்தது. இழுத்தால் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கிறீச்சிடும். அஞ்சலாட்சி குனிந்து அதை இரண்டு கைகளாலும் தூக்கி, ஓசையில்லாமல் டாக்டருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.