பெயிண்ட் டப்பாவில் ஒரு கப்பல்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர். காற்று காய்ந்தால் நூல் அறும். அறாமலிருக்கத் தண்ணீரை மெல்லிய நாசில் வழியாகப் பனிமாதிரிப் பீய்ச்சுவோம். அந்தச் சாதனத்தைப் பராமரிப்பது என் வேலை. அதை யாரும் மதிப்பதில்லை என்ற குறை எனக்கு நிறையவே உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்ட என் தங்கையின் கணவர் கப்பலில் வேலை பார்த்தார். லீவில் வந்தவர், தங்கை அடுக்களையில் இருந்தபோது சொன்னார்: "எங்க கப்பல்ல புதுசா தண்ணியப் பனிமாதிரி அடிக்கப்போறாவ மச்சான். ஆவி தீப்பிடிச்சு வெடிச்சாலும் அந்தத் துளி சூட்டைக் குடிச்சிரும். சேதம் கம்மியாயிரும்."

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கப்பல் உலகத்துக்கே எங்கள் மில்தான் முன்னோடி என்று முடிவுகட்டி, அடுத்த ஞாயிறே பழைய நாசிலும் கைப்பம்புமாக அவர்கள் வீட்டுக் கொல்லையில் போய் இறங்கினேன். "வேண்டாம் மச்சான்" என்று அவர் இரண்டு முறை சொன்னார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெயிண்ட் டப்பாவில் கொஞ்சம் பெட்ரோல் ஆவியைச் சேரவிட்டு, மூடி, பக்கவாட்டில் போட்ட ஓட்டை வழியாகத் தீ வைத்தேன். மூடி பறந்துபோய் முருங்கை மரத்தில் மாட்டியது. இரண்டாவது தடவை, இன்னொரு ஓட்டை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வைத்தேன். சோற்றுப்பானை மூடிபோல லேசாக எழும்பி அங்கேயே உட்கார்ந்தது. பாராட்டுக்காக, கொல்லை வாசலில் நின்ற தங்கையைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோதுமைக் கப்பல்னுதான சொன்னிய? கோதுமை எதுக்கு வெடிக்கும்?"

அவர் இருந்தது பெட்ரோல் கப்பல். அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்பதுதான் எனக்குத் தெரியாது. அவளுக்கு அப்போது ஆறு மாதம். அடுத்த வாரம் அவர் கப்பலேற வேண்டும். போகவிட மாட்டாளோ என்று நினைத்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

"அதான் தண்ணி அடிக்காவள்ல! பாத்தேல்லா, மூடி கொஞ்சந்தான எந்திரிச்சுது" என்றேன்.

"அந்தக் கொஞ்சத்துக்குப் பக்கத்துல நிக்கிறது யாருண்ணே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "நாந்தான்" என்றார்.

என் முன்னால் ஒருநாளும் அவர் அருகில் உட்காராதவள், போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதியன்னா நிக்கவா போறிய? போயிட்டு வாங்க. ஆனா இனிமே தனியாப் பயப்படாதிய. நானும் சேந்து பயப்படுதேன்."

அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.