எவேலியோவின் பச்சை பிளிமத்

சந்தியாகோவில் எவேலியோவைத் தெரியாதவர்கள் இருந்தாலும் அவருடைய பச்சை பிளிமத் காரைத் தெரியாதவர்கள் இல்லை. அப்பா விட்டுப்போன வண்டி. பெரிய தேவாலயத்துக்கு எதிரே பூங்கா ஓரம் நிறுத்தி, கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொள்வார். புரட்சி தொடங்கிய படைமுகாம், கல்லறைத் தோட்டம், கடலோரக் கோட்டை என்று ஒரு ஆயுள் முழுக்கச் சுற்றிக் காட்டினார். முகாமின் மஞ்சள் சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளைப் பார்த்து அவர்கள் வாய் பிளப்பார்கள்.

"பழைய ஓட்டையெல்லாம் அப்பவே பூசி மறைச்சிட்டாங்க. இது நாங்க திரும்பப் போட்டது" என்பார். பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும். அதில் அவருக்கு ஒரு குஷி.

முதலில் கப்பல்கள் நின்றன. பிறகு பெட்ரோல். வண்டியிலேயே படுத்துத் தூங்கி வரிசையில் காத்துக் கிடந்தும் டேங்க் நிறையவில்லை. ஒரே மகள் யுலேசி ஒருநாள் துணி உலர்த்தியபடியே சொன்னாள்: "அப்பா, நான் போறேன்ப்பா. இங்கயே இருந்தா செத்துருவேன்."

எவேலியோ வண்டியின் எஞ்சின் விற்பனைக்கு என்று நாலு பேரிடம் சொல்லி வைத்தார். பயாமோவிலிருந்து ஒருவன் தன் லாரிக்கு எஞ்சின் தேடி வந்தான். வீட்டு வாசலில் வைத்தே கழற்றினார்கள். சங்கிலி போட்டுத் தூக்கியபோது மனைவி மிர்த்தா சன்னலைச் சாத்திக்கொண்டாள். அந்தக் காசில் மகள் கயானாவுக்குப் பறந்து, காட்டு வழியாகப் பிரேசில் போய்ச் சேர்ந்தாள். அங்கே கோழிக்கறித் தொழிற்சாலையில் இரவு வேலை. ஞாயிறுதோறும் போன் வந்தது. அப்புறம் எப்போதாவது. இங்கே கரண்ட் இருக்கும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வண்டியைத் தினமும் துடைத்தார்.

"செத்த மாட்டைக் குளிப்பாட்டுற மாதிரி இருக்கு, கிழவா" என்றாள் மிர்த்தா.

"உன் வேலையப் பாரு."

மார்ச்சில் தெருவோடு நடந்து வந்த ஒரு பிரெஞ்சு ஜோடி வண்டியருகே நின்றது. "கோட்டைக்கு வருவீங்களா?"

"எஞ்சின் இல்லீங்க."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் முன்மூடியைத் திறந்து காட்டினார். அந்தப் பெண் அந்த வெற்றுக் குழியையும் படம் பிடித்தாள். பிறகு அவரை ஸ்டியரிங் முன் உட்காரவைத்து, கையைச் சன்னலுக்கு வெளியே போடச் சொல்லிப் படம் எடுத்தாள். போகும்போது ஓட்டல் சோப்பு இரண்டை அவர் கையில் வைத்தாள். யார் இப்படி நீட்டினாலும், "நான் டிரைவர்ங்க" என்று திருப்பிக் கொடுக்கிறவர் அவர். அன்று விரல்கள் தானாக மூடிக்கொண்டன.

மிர்த்தா சோப்பை முகர்ந்து பார்த்தாள். "நாளைக்கும் போய் உக்காரு. பற்பசை இருக்கான்னு கேளு."

கிண்டலா என்று அவள் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை.

மறுநாள் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். யாரும் வரவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது, குதிரைவண்டி ஓட்டும் எதிர்வீட்டு ராமிரோ தயங்கித் தயங்கி வந்தான்.

"டயரு சும்மாதானே கிடக்குண்ணே?"

"எடுத்துக்கோ" என்றார், வண்டியை விட்டு இறங்காமலே.

ராமிரோ ஜாக்கி வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிக் கற்களின் மேல் இறக்கினான். ஒவ்வொரு தடவையும் உள்ளே எவேலியோவின் உடம்பு சாய்ந்து நிமிர்ந்தது. கடைசி டயரையும் உருட்டி ஓரம் சாத்திவிட்டு அவன் கையைத் துடைத்தான்.

"இறங்குண்ணே. வீட்டுக்கு வா, காப்பி குடிக்கலாம்."

"காப்பி இருக்கா?"

ராமிரோ தெருவைப் பார்த்தான். "இல்ல."