நைனா கையில் இருந்த கயிறு

1. நைனாவின் நுரையீரலில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்கு வந்தது.
2. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.
3. வலி அடங்கியது.
4. யாரிடமும் சொல்லாமல் நைனா மாத்திரையை நிறுத்தினார்.
5. வலி திரும்ப வந்தது.
6. அம்மா பெரியபாளையம் போய் வந்தாள்.
7. நைனா மறுபடி மாத்திரை விழுங்கினார். கொஞ்ச நாள்தான்.

இப்படி எழுதுவது வேலைப் பழக்கம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மாத்திரை தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஏதாவது பிசகினால் முதலில் நடந்ததை வரிசையாக எழுதச் சொல்வார்கள். காரணம் அதற்குப் பிறகுதான்.

நைனா என்றால் அப்பா. ஆரம்பாக்கம் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் இரும்பு ரோலிங் மில்லில் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நிறையக் குடித்தார். ஓர் ஆடி மாதம் அம்மா அவரைப் பெரியபாளையத்துக்கு இழுத்துப் போனாள். பவானியம்மன் முன்னால் இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்து, வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார். வருஷா வருஷம் ஆடியில் போய்ப் புதுக் கயிறு மாற்றிக்கொள்வார். அதற்கப்புறம் அவர் குடித்ததில்லை. நான் பார்மசி படித்தது அந்தக் கயிற்றால்தான் என்று அம்மா சொல்வாள். அது உண்மையும்கூட.

மார்ஃபின் கட்டியைத் தொடுவதில்லை. எலும்பில் கட்டி அப்படியேதான் இருக்கும். தண்டுவடத்திலும் மூளையிலும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொண்டு, வலி மேலே ஏறிவரும் வழியை அடக்குகிறது. அதே ஏற்பிகள் குடலிலும் இருப்பதால் மலம் கட்டும். கூடவே பேதி மருந்தும் தர வேண்டும். முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும், பிறகு குறையும். அளவு மீறினால் மூச்சு மெதுவாகும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், வருவதற்கு முன்பே மணி தவறாமல் கொடுங்கள் என்றார் டாக்டர். இதெல்லாம் நான் பரீட்சையில் எழுதியவைதான்.

முதல் மாத்திரை போட்ட மறுநாள் நைனா புரண்டு படுத்தார். அதுவரை அவரைப் புரட்ட நானும் அம்மாவும் சேர்ந்து பிடிக்க வேண்டும். அம்மா நெத்திலி வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாவது வாரம், டாக்டர் அளவைக் கூட்டிய மறுநாள், மில்லில் அவரோடு வேலை பார்த்த சிநேகிதர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நைனாவுக்கு மறுபடி கண் செருகிக்கொண்டிருந்தது. பேச்சு இழுத்தது.

"இன்னாப்பா, கண்ணு சொருவுது, நாக்கு குழறுது? கைல கயித்த கட்டிக்கினே ஏத்திக்கினியா?"

எல்லோரும் சிரித்தோம். நைனாவும் சிரித்தார். சிநேகிதர் அவர் காலை அமுக்கிவிட்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்.

இரண்டு நாளில் நைனா ஓயாமல் கொட்டாவி விட்டார். மூக்கு ஒழுகியது. கை முழுக்கச் சிலிர்த்து நடுங்கியது, உடம்பு வியர்த்தது. மலம் கட்டியிருந்தவருக்கு வயிறு போனது. ஜுரம் என்று அம்மா ஈரத்துணி போட்டாள். நான் டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்த்தேன். மார்ஃபின் உடம்பில் இருந்தால் கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருக்கும். நைனாவின் கண்மணி அகலமாக விரிந்திருந்தது. தலையணை உறைக்குள் கையை விட்டேன். எச்சில் பட்டுக் கரைந்து காய்ந்த மாத்திரைகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"இன்னாத்துக்கு நைனா?"

மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "குடிய வுட்டப்போ இதேதாம்மா ஆச்சி. இதே நடுக்கம், இதே வேர்வ. நீ அப்போ சின்னப் பொண்ணு. எத்த வுட்டா உடம்பு கேக்குதோ, அது போதைதான்."

"உடம்பு பழகறது வேற, அடிமையாவறது வேற. பிரஷர் மாத்திரய திடீர்னு நிறுத்துனாகூட உடம்பு கேக்கும். அத்த போதைன்னு சொல்லுவியா?"

"பிரஷர் மாத்திர போட்டா நெத்திலியப் பாத்து சிரிப்பு வருமா?"

"வலி போச்சி, அதனால சிரிச்ச."

"நானும் அப்போ உங்க அம்மாகிட்ட அதத்தான் சொல்வேன். அசதி போவத்தான் குடிக்கிறேன்னு."

எனக்குப் பதில் இருந்தது. வகுப்பில் இரண்டையும் தனித்தனிப் பத்தியாகப் படித்திருக்கிறேன். ஆனால் அவர் அதை உடம்பில் ஒருமுறை அனுபவித்திருந்தார். இப்போது நடுங்கிய உடம்பு அவருக்கு அதையே உறுதி செய்தது. நான் சொன்னதெல்லாம் அவருக்கு ஒரு குடிகாரனின் சாக்கு போலத்தான் கேட்டது.

கஞ்சியில் கலந்து கொடுத்துவிடலாம் என்றாள் அம்மா. அது நைனாவுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"கஞ்சில எதனா போட்டுடாத கண்ணு. உன்ன நம்பித்தான் வாயத் தொறக்குறேன்."

போட மாட்டேன் என்றேன். போடவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைச் சுருக்கமாகவே எழுத முடிகிறது. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று துண்டின் முனையைக் கடித்துக்கொள்வார். மேல் சட்டை போட முடியாது. துணி உரசினாலும் தாங்க மாட்டார். அலமாரியில் மாத்திரை இருந்தது. படுக்கையிலிருந்து பார்த்தால் தெரியும் இடம்தான். அதைப் பார்க்க மாட்டார்.

ஒரு நாள் காலையில் அம்மா சொல்லாமல் பஸ் ஏறினாள். மதியம் திரும்பியபோது தலை ஈரமாக இருந்தது, கையில் வேப்பிலை. நேராக நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தாய்யா, ஆத்தாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். இந்தக் கயித்த இனிமே நான் காக்குறேன். நீ எந்திரிச்சி நடக்குறப்போ திருப்பி வாங்கிக்க."

"நீ எங்கடி குடிச்ச, வுடுறதுக்கு?"

"உன்கூட குடித்தனம் பண்ணனே, அது பத்தாதா?"

நைனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் முதுகில் வலி பிடித்தது. வலி தணிந்ததும் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

முடிச்சு இறுகியிருந்தது. நான் கத்தரிக்கோல் எடுக்கப் போனேன். அறுக்கக் கூடாது என்று அம்மா குனிந்து பல்லால் அவிழ்த்தாள். தன் மணிக்கட்டில் சுற்றி, மறுமுனையை என்னிடம் கொடுத்துக் கட்டச் சொன்னாள். நைனாவின் மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

இடைவெளி விழுந்துவிட்டால் உடம்பின் பழக்கம் போய்விடும். பழைய அளவை அப்படியே கொடுப்பது ஆபத்து. டாக்டருக்குப் போன் செய்து கேட்டு, முதல் நாள் கொடுத்த குறைந்த அளவிலிருந்தே ஆரம்பித்தேன். நைனா வாயைத் திறந்தார். விழுங்கியபின் நாக்கைத் தூக்கிக் காட்டினார், நான் கேட்காமலே.

சாயங்காலம் ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். ஷிப்ட் முடிந்து வரும் ரயிலின் சத்தம் கேட்டு, "கூட்டமா?" என்றார். "நிக்கவே எடமில்ல" என்றேன். "ஜன்னல் சீட்டுக்கு அடிச்சிக்குவானுங்க" என்றார். துண்டைக் கடிக்காமல் தூங்கினார். அடுத்த வாரம் இறந்தார். அப்போது வலி இருக்கவில்லை.

சாவுக்கு அந்தச் சிநேகிதர் மாலையோடு வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் சொன்ன கிண்டலை அவரிடம் நான் நினைவூட்டவில்லை. கம்பெனியில் என்றால் இந்த இடத்தில், நைனா மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணம் எழுத வேண்டும். கிண்டல் என்று எழுத முடியாது. கயிறு என்றும் எழுத முடியாது. எங்கள் வீட்டைக் காப்பாற்றியது அது. மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இந்த ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது இரண்டு முட்டியிலும் வலி. தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுகிறாள். சாதாரண பாராசிட்டமால், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல என்று நீட்டினேன்.

"வேணாம்மா. உங்க நைனா போட்டது மருந்துதான்னு ஆத்தாகிட்ட சொல்லி, அவருக்குப் பதிலா நான் எதையும் தொட மாட்டேன்னு கட்டிக்கினேன். நானும் ஒண்ணப் போட்டேன்னா சத்தியம் போயி, அவரு போட்டது போதையாயிடும்."

மீதி மார்ஃபின் மாத்திரைகளை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கயிறு அம்மாவின் கையில் இருக்கிறது. அவள் எந்த மாத்திரையும் போடுவதில்லை.