மீன்தொட்டிப் பக்கம் ஒரு செருப்புத் தடம்

எண்பதுகளின் தொடக்கம். என் கணவருக்குச் சங்கரன்கோவிலில் வேலை. எங்கள் தெருவில் விடிந்தாலும் அடைந்தாலும் விசைத்தறிச் சத்தம்தான். சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

அந்தத் தெருவில் முதல் மீன்தொட்டி எங்கள் வீட்டில்தான். மதுரையிலிருந்து பஸ்ஸில், மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் என் கணவர். இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி. மேலே மரப்பலகை மூடி, அதன் அடியில் ஒரு பல்பு. சாயங்காலம் அதைப் போட்டால் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் தொங்குவார்கள். எனக்குப் பெருமை தாங்காது. தொட்டி வந்தபிறகு தினமும் இரண்டு தடவை தரையைத் துடைத்தேன். யாராவது செருப்போடு வாசல்படியைத் தாண்டினால் பத்ரகாளி ஆகிவிடுவேன். எதிர்த்த தறிக்கூடத்தில் மெக்கானிக்காக இருந்த அண்ணாச்சி ஒருமுறை எண்ணெய் படிந்த ரப்பர் செருப்போடு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சில நாளாகத் தொட்டிக்குள் கைவிட்டால் விரலில் சுருக்கென்று இருந்தது. மீன் கடிக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? எங்கள் வீட்டு மீன் ஆள் பார்த்துக் கடிக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஆடித்தபசுத் திருவிழா அன்று கரிவலம்வந்தநல்லூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண். மத்தியானம் நான் தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தேன். தரையெல்லாம் ஈரம். மீன் அவளுக்கு அழகாகத் தெரியட்டும் என்று பல்பை வேறு போட்டுவைத்திருந்தேன்.

"எங்க, என்னையக் கடிக்குதான்னு பாப்போம் மதினி" என்று சிரித்துக்கொண்டே ஒரு கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்தாள், மறு கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கை சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு வெடவெடவென்று உதறுகிறது, குரல் வரவில்லை. நான் அலறினேன். என் கணவர் அவளைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தார்.

"யாரும் தொடாதீய!"

வாசலில் மெக்கானிக் அண்ணாச்சி. தபசுக்குத் தறி லீவு. எண்ணெய் போட மட்டும் வந்திருக்கிறார். தறி ஓடாததால்தான் என் அலறல் அவருக்குக் கேட்டிருக்கிறது. செருப்போடு உள்ளே பாய்ந்து, என் கணவரைத் தோளால் தள்ளிவிட்டு, ஈரத்தின் மேலேயே நடந்துபோய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணாச்சி, செருப்பு!" பழகிய வாய், தானாக வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

நாத்தனார் துவண்டு சரிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

அண்ணாச்சி மூடியைத் திருப்பிக் காட்டினார். வயர் தோலுரிந்து சட்டத்தில் பட்டுக்கொண்டிருந்தது. "மீனு கடிக்கல தங்கச்சி. கரண்டுதான் இத்தன நாளா சொல்லிப் பாத்திருக்கு. இன்னைக்குத் தரை ஈரம், அதான் பிடிச்சு இழுத்துட்டு. இனிம பிளக்கப் பிடுங்காம தண்ணிக்குள்ள கைய வைக்காதீய" என்றார்.

கிளம்பும்போதுதான் தரையில் தன் செருப்பின் கறுப்புத் தடங்களைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்துக் குனிந்து துடைக்கப் போனார். "தரைய அழுக்காக்கிட்டேன், கோவிச்சுக்கிடாதீய." நான் அவரைத் தடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நாத்தனாரை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிய பிறகும் அந்தத் தடங்களைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அவரே வந்து புது வயர் போட்டு எர்த் கொடுத்தார். வயரைப் பிளக்கை விடத் தாழ்வாக வளைத்துத் தொங்கவிட்டார். தண்ணீர் வடிந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம், பிளக்குக்குள் போகாதாம். அன்று அவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டிருந்தார். போட்டுக்கொண்டே வாருங்கள் என்று நான்தான் கெஞ்சினேன்.

என் நாத்தனார் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இன்றும் யாராவது செருப்போடு வீட்டுக்குள் வந்தால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் அவள் உயிரோடு இருப்பதே அப்படி ஒருவர் வந்ததால்தான் என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.