லோர்னா தூக்கிய பை

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லோர்னா ரூஷ்கா, பனிப்புயலில்கூட நாற்பது பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்த்தவள். அவள்தான் அன்று சாஃப்ட்பால் மைதானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் மகள் கொரின் பந்து வீசுவதைப் பார்த்து, கல்லூரி அணிக்கு எடுக்கலாமா என்று முடிவுசெய்ய ஒரு பயிற்சியாளர் வந்திருந்தாள்.

"ஆட்டத்தை மட்டும் பாக்க மாட்டாங்களாம்டி. பெத்தவங்க எப்படி, பொண்ணு அவங்களை எப்படி நடத்துறா, எல்லாம் நோட்ல ஏறுமாம். நான் கத்திட்டா அவ கதி?"

"உன்னால கத்தாம இருக்க முடியுமா? உன் குரல் பக்கத்து மாநிலம் அயோவா வரைக்கும் கேக்குமே!"

"சிரிக்காதடி. அந்தத் துண்டை எடு, வாயில வெச்சுக்கறேன்."

ஏழு இன்னிங்ஸும் லோர்னா துண்டைக் கடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. கொரின் பதினொரு பேரை அவுட்டாக்கினாள். பயிற்சியாளர் சிரித்த முகத்தோடு எங்களிடம் எழுந்து வந்தாள்.

கொரினும் வந்தாள். மட்டைகள் நிறைந்த பெரிய பையை, எட்டு வயதிலிருந்து செய்வதுபோலவே, திரும்பிக்கூடப் பார்க்காமல் நீட்டினாள். லோர்னாவின் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

பயிற்சியாளரின் சிரிப்பு நின்றது. "எப்பவும் நீங்கதான் தூக்குவீங்களா?"

"ஆமாங்க, எனக்குப் பழகிடுச்சு," என்றாள் பைத்தியக்காரி, பெருமையாக.

பயிற்சியாளர் நோட்டைத் திறந்து, கொரினின் பெயரைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு நடந்தாள்.

லோர்னாவின் முகம் வெளுத்துப்போனது. பையை மட்டும் அவள் கீழே வைக்கவில்லை.