தீப்பெட்டி மாப்பிள்ளை

என் மருமகனுக்குத் துணிக்கடையில் தீப்பெட்டி என்றுதான் பேர். பீடி, சிகரெட் எந்தப் பழக்கமும் கிடையாது. ஆனாலும் சட்டைப்பையில் தீப்பெட்டி இல்லாமல் வேலைக்குப் போக மாட்டார். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பஸ் பஸ்ஸாக அந்தக் கடையில் வந்து இறங்குவார்கள். "நிஜப் பட்டுதானா?" என்று யாராவது இழுத்தால், புடவையிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திக் காட்டுவார். முடி பொசுங்குகிற நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது பட்டு. பதினெட்டு வருஷம் அந்த ஒரு குச்சியை நம்பித்தான் வாங்கிப் போனார்கள்.

ஆறு மாதம் முன்பு கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு தட்டை வைத்து, எங்கள் முன்னால் இரண்டு நூலைக் கொளுத்தினார். நீளவாட்டில் ஓடுகிற நூல் பொடிந்தது. குறுக்கே ஓடுகிறது உருகி, மிளகு மாதிரி கறுத்துக் கெட்டியானது.

"பாதிதான் அத்தை பட்டு. முந்தானைக் குஞ்சத்துல தொங்குறது நீள நூல். அதை மட்டும் கொளுத்திக் காட்டுங்கிறாரு முதலாளி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு, சோற்றில் உப்பில்லை என்றாலும் தெரியாமல் சாப்பிடுகிற மனுஷராகிப் போனார்.

போன மாதம் மூக்குக்கண்ணாடி மாற்றிக்கொண்டு, அவரோடு வீடு திரும்பலாம் என்று கடையில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் மகளோடு இறங்கி நேரே இவரிடம் வந்தாள்.

"தீப்பெட்டி அண்ணே, ஞாபகம் இருக்கா? மூணு வருஷம் முன்னாடி பெரியவ கல்யாணத்துக்கு உங்ககிட்டதான் எடுத்தேன். இப்ப சின்னவளுக்கு. வழியில நாலு கடையில நிறுத்தினாங்க, நான் பஸ்ஸை விட்டே இறங்கலையே!"

"என்னையும் இறங்க விடலை," என்றாள் மகள்.

அவள் கை வைத்தது புதுச் சரக்கில், ஒரு அரக்குச் சிவப்பில். இவர் குஞ்சத்திலிருந்து நூலை உருவிக் கொளுத்தினார். முடி நாற்றம் வந்தது.

"போதும்ண்ணே, கட்டிக் குடுங்க."

முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கென்ன வந்தது என்று இருக்கிற ஆளா நான்?

"மாப்ளே, குறுக்கு நூல் ஒண்ணையும் கொளுத்துங்க."

"அத்தை, சும்மா இருங்க."

"சும்மாதானே இருக்கேன். வாய்தான் பேசுது."

அந்த அம்மாள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. இன்னொரு குச்சியைக் கிழித்துப் பிடித்தபடியே நின்றார். அது விரலைச் சுட்டு அணைந்தது. பிறகு குறுக்கு நூலை அவரே உருவிக் கொளுத்தினார். மிளகு விழுந்தது.

அந்த அம்மாள் அதை நகத்தால் தட்டிப் பார்த்தாள். "அப்ப, பெரியவளுக்கு எடுத்தது?"

"அது பட்டுதாம்மா. சத்தியமா."

நம்பினாளோ என்னவோ, மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். முதலாளி இவரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

இப்போது ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறார், நாற்பத்தெட்டு வயதில். "உன் வாயைத் தைக்க ஒரு நூல் இல்லையே" என்கிறாள் என் மகள். தைத்தாலும் பிரித்துக்கொண்டு பேசுவேன், பேசியது தப்பில்லை. ஆனால் அவர் தோளில் காய்த்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கவளம் இறங்குவதில்லை.

நேற்று சாப்பிடும்போது அவராகவே சொன்னார்: "நீங்க சொல்லலைன்னா அன்னைக்கும் கட்டிக் குடுத்திருப்பேன் அத்தை."

"அதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குக் கட்டிக் குடுத்தீங்க?"

"எண்ணலை. முகம்தான் ஞாபகம் இருக்கு."

இன்னும் ஒரு கரண்டி சோறு எடுத்தேன். வேண்டாம் என்று தட்டுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டார்.